பூசின வீடு

எங்கள் ஆபீசில் அவரை எல்லோரும் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். பெண்தான். காட்டன் புடவை, கான்வாஸ் ஷூ, காதுமடலில் எப்போதும் ஒரு பென்சில். திருவனந்தபுரத்தில் டீச்சரம்மாவையே சார் என்று கூப்பிடுகிற வழக்கம் உண்டு என்பதால் எங்களுக்கு அது வினோதமாகத் தெரியவில்லை. வினோதமெல்லாம் வெளியிலிருந்து வரும். புது சைட்டில் சிமென்ட் விற்க வருகிறவன் நேராக அவரிடமே வந்து, "ஆர்க்கிடெக்ட் எப்ப வருவாரு?" என்று கேட்பான். "வந்துண்டே இருக்கார்" என்று சொல்லிவிட்டு அவனை அரைமணி நேரம் வெயிலில் நிற்க வைப்பார் சார். அந்தப் பாவம் கடைசியில் டிரைவரைத் தேடிப் போய் விசாரிக்கப் பார்ப்பான். டிரைவரும் கிடையாது. வண்டி ஓட்டுகிறவரும் அவரேதான்.

சார் ஸ்ரீவராகத்து அக்ரகாரத்தில் பிறந்தவர். கட்டடக் கலை படிக்க வடக்கே ரயிலேறியபோது, அந்தத் தெருவில் அவர் வயசுப் பெண்களின் இடுப்பில் எல்லாம் குழந்தை இருந்ததாம். வகுப்பில் அவர் ஒருத்திதான் பெண். திரும்பி வந்து போர்டு மாட்டியபோது, இந்த ஊரில் கோலம் வரைகிற பெண்கள் தெருத்தெருவாக இருந்தார்களே தவிர, வீடு வரைகிற பெண் ஒருத்திகூடக் கிடையாது. ஏதோ ஒரு ஆபீசில் குமாஸ்தா ஒருவர் அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்து, கணவர் பெயர் எழுதுகிற இடம் காலியாக இருக்கிறதே என்றாராம். "அது காத்து வரதுக்கு விட்டிருக்கேன்" என்று அப்படியே மறுபடி நீட்டினாராம் சார். இந்தக் கதையை வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் குமாஸ்தாவின் வழுக்கை கொஞ்சம் பெரிதாகும்.

நான் அவரிடம் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். என் ஐ.டி.ஐ. சான்றிதழில் 'மேன்' என்றுதான் போட்டிருக்கிறது, நான் என்ன செய்ய. அவர் சிகரெட் அட்டையின் பின்னால் கிறுக்கித் தருவதை நான் டிரேசிங் பேப்பரில் வீடாக ஆக்குவேன். சிகரெட் அவருடையதில்லை, கான்ட்ராக்டருடையது. அட்டையை மட்டும் பிடுங்கிக்கொள்வார். ஒரு கோடு தடிமனாகப் போய்விட்டால், "ஏண்டி, இது சுவரா, கோட்டையா?" என்பார். அந்த 'டி' எனக்குப் பிடிக்கும். அவர் எல்லோரையும் டி போட்டுக் கூப்பிடுகிறவர் இல்லை. வேலை தெரிந்தவளைத்தான் கூப்பிடுவார்.

அவருடைய வீடுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெயிலை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும், காற்றைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வர வேண்டும். அவ்வளவுதான் அவருடைய கொள்கை. அதற்காக ஆளுயரத்துக்கு வெளியே நீண்ட கூரை போடுவார். மேற்குப் பக்கம் செங்குத்தான கான்கிரீட் பட்டைகளை வரிசையாக நிறுத்துவார். சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஒரு சல்லடைச் சுவர் கட்டுவார். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் சுவரே இருக்காது. மத்தி மீன் பொரித்தால் வாசலில் நிற்கிற தபால்காரருக்கும் தெரியும். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, மீன மாச, அதாவது பங்குனி, வெயிலிலும் அந்த வீடுகளில் மின்விசிறி இல்லாமல் தூங்கலாம். எதைக் கட்டினாலும் செங்கல்லைப் பூச மாட்டார். உள்ளும் பூசமாட்டார், வெளியும் பூசமாட்டார். "செங்கல் அழகா இருக்கறச்சே அதுக்கு எதுக்குடி சட்டை?" என்பார்.

கவடியாரில் ஒரு பெரிய அதிகாரியின் வீடு கட்டினோம். அதிகாரியின் மனைவி வாராவாரம் வந்து, "இந்தச் சுவரெல்லாம் எப்பப் பூசுவீங்க?" என்று கேட்பார். "பூசியாச்சுன்னு நினைச்சுக்கோங்கோ" என்பார் சார். அந்த அம்மாள் இரண்டு தடவை அழுதுகூட இருக்கிறார். பிறகு ஒரு பத்திரிகையிலிருந்து ஆட்கள் வந்து வீட்டைப் படம் எடுத்தார்கள். அன்றிலிருந்து அந்த அம்மாள் விருந்தாளிகளிடம் சுவரைத் தடவித் தடவிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன். சிரிப்புக்குள் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. அது எதனால் என்று பிறகு சொல்கிறேன்.

சாருடைய வேலைமுறையில் ஒரு கூத்து உண்டு. காலி மனையில் ஒருவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு முழு நாள் உட்காராமல் அவர் ஒரு கோடு போட மாட்டார். அந்த ஒருவர் நான்தான். ஒரு மடக்கு ஸ்டூல், குடை, நோட்டுப் புத்தகம், இரண்டு கட்டு ஊதுவத்தி. மணிக்கு ஒரு தடவை மனையின் நாலு மூலையிலும் நடுவிலும் ஊதுவத்தி குத்தி வைத்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுத வேண்டும். வெயில் எங்கே விழுகிறது, நாலு மணிக்கு எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்றும் எழுத வேண்டும். அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? வட்டியூர்க்காவில் ஒரு பெண் பூவோடு வந்து, இங்கே எந்தச் சாமி என்று கேட்டாள். வாயு பகவான் என்றேன். அவளும் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊதுவத்தி கொளுத்துகிற நான் வேதக்காரி. கொளுத்தச் சொல்கிற ஐயர் வீட்டுப் பெண்ணுக்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. எங்கள் சபையின் மூப்பர் ஒருநாள் பஸ்ஸில் போகும்போது நான் காலி மனையில் குனிந்து ஊதுவத்தி குத்துவதைப் பார்த்துவிட்டார். போச்சுடா! அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் எங்கள் வாடகை வீட்டுக்கே வந்து, பிசாசின் தந்திரங்களிலிருந்து இந்த மகளை விடுவியும் என்று முக்கால் மணி நேரம் ஜெபம் பண்ணினார். காற்று பார்க்கிறேன் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "காத்துன்னா என்ன காத்து மகளே?" என்று அவர் இன்னும் பயந்துபோனார். சாரிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று தேநீரில் விழுந்தது.

இப்படி ஊரில் எத்தனையோ மனைகளில் நாள் முழுக்க உட்கார்ந்து காற்றுக்குக் கணக்கு எழுதியவள் நான். என் சொந்த மனையில் ஒரு மணி நேரம்கூட உட்காரவில்லை. ஒரு ஊதுவத்திகூடக் கொளுத்தவில்லை.

அந்த மனை நேமத்தில், அஞ்சு சென்ட். நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வாங்கியது. அவர் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஒரு பெயிண்ட், ஹார்ட்வேர் கடையில் கவுன்டரில் நிற்கிறவர். உலகத்தில் உள்ள நிறங்கள் எல்லாம் அவருக்கு நம்பரோடு தெரியும். எனக்கு வீட்டில் வேண்டியது ஒன்றே ஒன்று: அது பூசின வீடாக இருக்க வேண்டும். உள்ளும் பூசி, வெளியும் பூசி, வழவழவென்று, கை வைத்தால் வழுக்க வேண்டும். கூடவே ஒரு பயம். நான் அப்படி ஒரு வீடு கட்டுவது சாருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் கண்ணில் நான் இறங்கிப் போவேன். இந்த ஊரில் என் வேலையை மதித்தவர் அவர் ஒருவர்தான். அந்த மதிப்பையும் விட மனசில்லை, பூச்சையும் விட மனசில்லை.

ஆகவே சாருக்குத் தெரியாமல் சாருடைய ஆபீசிலேயே, சாருடைய டிரேசிங் பேப்பரில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் வீட்டை நானே வரைந்தேன். என் வீட்டுக்காரர் ராத்திரி சொல்லச் சொல்ல எழுதிய பட்டியல் பக்கத்தில் இருந்தது.

"இஞ்ச பாரு பிள்ளே, வீடுன்னா வீடு மாதிரி இருக்கணும் கேட்டியா. ரோட்டுல போறவன் ஒருக்கா திரும்பிப் பாக்கணும். முன்னால போர்ச்சு, அதுல ரெண்டு தூணு, தூணுக்க தலையில தாமர. முகப்புல ஆர்ச்சு. பெரிய கண்ணாடி சன்னலு. இதெல்லாம் மறந்திராத."

ரோடு மேற்கில் இருந்தது. அதனால் கண்ணாடி சன்னல்கள் மேற்கே போயின. முகப்பில் ஆர்ச் வேண்டும் என்பதால் சன்ஷேடை ஒரு சாண் அகலமாகக் குறைத்தேன். பின்பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் கிணற்றடி, அங்கே எதற்குச் சன்னல் என்று முழுச் சுவரும் மூடினேன். நாலு மணி வெயில் எங்கே விழும் என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த கை இது. அந்தக் கைக்கு அன்றைக்கு என்ன வந்தது என்று கேட்டால் என்னத்தைச் சொல்ல. தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். காற்று, வெயில் என்று பார்க்க ஆரம்பித்தால் அது சாருடைய வீடாகிவிடும், சாருடைய வீடென்றால் பூச்சு கிடையாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம்.

வேலை தொடங்கியது. எல்லாம் ரகசியமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கொத்தனார் விஷயத்தில் கோட்டை விட்டேன். நல்ல கொத்தனார் வேண்டும் என்ற ஆசையில், சாருடைய சைட்டில் வேலை செய்கிறவரையே ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டுக்கொண்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியும் வைத்திருந்தேன். அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை, திறந்துகொண்டது. விதுரா போகிற வழியில் ஒரு சைட். நானும் சாரும் மாடிப்படியில் நின்று அளவு பார்த்துக்கொண்டிருக்கிறோம். கீழேயிருந்து கொத்தனார் சந்தோஷமாகக் கூவுகிறார்:

"எக்கா! உங்க வீட்டுத் தூணுக்குத் தாமர மோல்டு கிட்டியாச்சு கேட்டியளா! எட்டு எதழு போதுமா, பதினாறு வேணுமா?"

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. சார் அளவு நாடாவைச் சுருட்டினார். என்னைப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிக் கொத்தனாரைப் பார்த்தார்.

"எட்டு போதும்" என்றார். "பதினாறுன்னா பாசி பிடிச்சுக்கும்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மறுநாள் ஆபீசில், "அந்த செக்‌ஷன் டிராயிங்கைக் கொஞ்சம் குடுங்கோ" என்றார். குடுங்கோ! யாரையோ சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது, அதுவும் பூசாத சுவர். அன்றிலிருந்து எனக்கு ஒரே மரியாதை. "சாப்டேளா?", "நாளைக்குச் சீக்கிரம் வர முடியுமா உங்களால?" ஆபீஸ் பையனுக்குக் கிடைக்கிற திட்டுகூட எனக்குக் கிடையாது. வேண்டுமென்றே ஒரு சுவரைக் கோட்டை மாதிரித் தடிமனாக வரைந்து வைத்தேன். "பரவாயில்லே, அடுத்த தடவை பாத்துக்கோங்கோ" என்றார். பாவி! ஒரு மாசம் அந்த மரியாதையைத் தின்று நான் இளைத்தே போனேன்.

புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குப் பத்திரிகை அடித்தோம். சாருடைய பத்திரிகை என் கைப்பையில் பத்து நாள் கிடந்தது, ஓரம் சுருண்டுபோனது. கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம். கடைசி நாள் சாயங்காலம் அவரே என் மேஜைக்கு வந்தார்.

"எனக்கு அழைப்பு உண்டா? இல்லே, கொத்தனார்தான் கத்திச் சொல்லணுமா?"

சுருண்ட பத்திரிகையை எடுத்துக் கொடுத்தேன். நீவி நீவிப் படித்தார்.

சனிக்கிழமை, மேட மாசம், சித்திரை வெயில், சாயங்காலம் நாலு மணி. இதைவிட மோசமான நேரத்தை யாராலும் தேர்ந்தெடுக்க முடியாது. போதகருக்கு அந்த நேரம்தான் ஒழிந்தது. ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தோம். கண்ணாடி சன்னல்கள் வழியாக வெயில் நேராக உள்ளே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தது. முதல் வரிசைக்காரர்கள் எழுந்து பின்னால் போனார்கள். கால்மணி நேரத்தில் வெயில் இரண்டாம் வரிசைக்கு வந்தது. அவர்களும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். இந்த வீட்டில் சமாதானமும் குளிர்ச்சியும் தங்கட்டும் என்று போதகர் ஜெபிக்கும்போது அவர் அங்கி முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெபம் முடிவதற்குள் வந்த ஜனம் அத்தனையும் பின்சுவரோடு ஒட்டி, ஏழரை மணி பஸ்ஸில் நிற்கிற மாதிரி நின்றது. சார் மட்டும் முதல் வரிசையில், முழு வெயிலில், அசையாமல் உட்கார்ந்திருந்தார். தியாகி மாதிரி. எனக்கு அவரைக் கொல்ல வேண்டும் போல இருந்தது.

என் வீட்டுக்காரருக்கோ பெருமை தாங்கவில்லை. ஸ்டாண்டு ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து சாருக்கு முன்னால் வைத்தார். அது அனலை வாரி அவர் முகத்திலேயே அடித்தது.

"எப்படி சார், வீடு கொள்ளாமா? நல்லாருக்கா?"

"பெயிண்ட் நன்னா இருக்கு" என்றார் சார்.

"பீச்சு கலரு சார். எனக்க செலக்‌ஷன்."

"அதான் பாத்தேன்."

அவர் கேக்கைச் சாப்பிட்டார், சாயா குடித்தார், தூண்களைச் சுற்றிவந்து தாமரை இதழ்களை எண்ணிப் பார்த்தார். எட்டேதான். பிறகு தட்டை வைக்கிற சாக்கில் சமையலறைக்கு வந்தார். அங்கே நானும், எங்களோடு இருக்கிற என் அம்மாவும் மட்டும் இருந்தோம். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"திட்டணும்னா திட்டிருங்க சார். இப்படி வெயில்ல உக்காந்து என்னைக் கொல்லாதீங்க."

சார் தட்டை வைத்தார். முகம் சிவந்து, நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. ஒரு மாசத்துக்குப் பிறகு அந்தப் பழைய குரல் வந்தது.

"ஏண்டி என்கிட்ட வரலே? ஊரெல்லாம் வீடு கட்டித் தரேன். உனக்குக் கட்டித் தர மாட்டேன்னா நெனச்சே?"

"கட்டித் தருவீங்க சார். பூசாமக் கட்டித் தருவீங்க."

அவருக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை, முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் போய் அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னேன்.

"நான் பொறந்து வளந்தது பூசாத வீட்டுல சார். சூளையில சுடாத பச்சைச் செங்கல்லு. அழகுக்காகப் பூசாம விட்டதில்ல, முடியாம விட்டது. சுவத்துல சாஞ்சா முதுகெல்லாம் செம்மண்ணு ஒட்டும். ஸ்கூலுக்கு வெள்ளை பிளவுசு. பின்னால பாத்தாலே எல்லாருக்கும் தெரிஞ்சிரும், இவ எந்த மாதிரி வீட்டுலேருந்து வாறான்னு. அப்ப நெனச்சது சார், என்னைக்காவது நான் சாஞ்சா ஒட்டாத சுவரு ஒண்ணு கட்டணும்னு. உங்க சுவரை எல்லாரும் அழகுன்னு தடவுறாங்க. நான் ஒரு நாளும் அதுல சாஞ்சதில்ல."

எத்தனை வருஷம் அவர் ஆபீஸ் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுத்தான் உட்காருவேன். அதை அவர் அப்போதுதான் நினைத்துப் பார்த்தாரோ என்னவோ.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்தாள். இருக்கிற சங்கடம் போதாதென்று அவள் பங்குக்கு ஒன்று.

"சார், இவ கெடக்கா, விடுங்க. என்னைத் தெரியுதா சார்? உங்களுக்க வீடு மூணு கெட்டியிருக்கேன் நான். சித்தாளு. கவடியாரு வீட்டுக்கு அத்தனை செங்கல்லும் இந்தத் தலையிலதான் ஏறிச்சு."

சார் அம்மாவையே பார்த்தார். தெரியவில்லை அவருக்கு. தெரிகிற மாதிரி நடிக்கவும் இல்லை.

"உங்க சைட்டு நல்ல சைட்டுதான் சார், கெட்ட வார்த்தை கெடையாது, நேரத்துக்குச் சாயா உண்டு. ஒரே ஒரு கொறைதான். பூச்சு வேல கெடையாது. மத்த எடம்னா சுவரு முடிஞ்சாலும் சாந்து கொழைக்க எங்களுக்கு இன்னும் ஒரு மாசம் ஓடும். உங்க வீட்டுல பாதியில கொட்டையக் கவுத்துட்டுப் போகச் சொல்லிருவாங்க. நாங்க பொம்பளையள் பேசிக்கிடுவோம், இந்த சாருக்குச் சாந்து மேல என்ன வெரோதம்னு."

கொட்டை என்பது சாந்து சுமக்கிற கூடை. அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், குறையாகக்கூடச் சொல்லவில்லை. சாரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. ஊரில் முதல் பெண்ணாக வந்து, கேலி பண்ணியவர்களை எல்லாம் வாயடைக்க வைத்தவர், எங்கள் அம்மா முன்னால் புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். எனக்கே பாவமாகப் போய்விட்டது. பிறகு திரும்பி, சமையலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். மேற்குச் சுவர். எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

"பூச்சு ஏ-ஒன்னா இருக்கு" என்றார். "யார் கொழைச்ச சாந்து?"

"நான்தான் சார். எனக்க மவ வீட்டுக்கு வேற ஆளா கொழைக்கும்?"

"ஆனா சுடறதுடி" என்றார் என்னிடம். "அம்மா இதுக்குள்ள எப்படி நின்னு சமைப்பா? பிளானைத் திங்கட்கிழமை கொண்டு வா. என் டிரேசிங் பேப்பர்தானே, எனக்கும் பாக்க உரிமை இருக்கு."

அடேயப்பா, அதுவும் தெரிந்திருக்கிறது!

திங்கட்கிழமை பிளானைக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் தப்பான வீட்டுக் கணக்கைக் கொடுக்கிற மாதிரி கொடுத்தேன். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நாள் வெளியே வரவில்லை. சாயா மட்டும் உள்ளே போனது. உடைத்துவிட்டுத் திரும்பக் கட்டு என்று சொல்லப் போகிறார், முடியாது என்று சொல்லிவிடுவது, வேலை போனாலும் போகட்டும் என்று நான் இங்கே வசனம் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே தூணைத் தொட்டால் நடப்பதே வேறு என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

புதன்கிழமை மதியம் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள் விரித்திருந்தது. அவருடைய கை. என்னைப் போல நேர்கோடு வராது அவருக்கு, நடுங்கும். அதனால்தானே என்னை வைத்திருக்கிறார். அந்த நடுங்குகிற கையால், ஸ்கேல் பிடித்து, என் வீட்டை அவரே முழுக்க வரைந்திருந்தார். தூண்கள் இரண்டும் அப்படியே இருந்தன, தாமரையோடு, எட்டு இதழ்களையும் சிரத்தையாகப் போட்டிருந்தார். மேற்குச் சன்னல்களுக்கு வெளியே செங்குத்தான பட்டைகள் வரிசையாக நின்றன. மூடிக் கிடந்த பின்சுவரில் மூன்று இடங்களில் நீளமாகத் திறந்திருந்தார், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒன்று, கூரைக்குக் கீழே இரண்டு. பக்கத்து வீட்டுக் கிணற்றடி தெரியாது, ஆனால் அங்கிருந்து காற்று வரும். அம்மா நின்று சமைக்கிற இடத்தில் சின்னதாக ஒரு பெண் உருவம்கூட வரைந்து, அவள் முகத்துக்கு நேராக ஒரு அம்புக்குறி போட்டிருந்தார்.

எங்கள் வரைபடங்களில் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் உண்டு. வீட்டுக்குச் சொந்தக்காரர் யார், வரைந்தது யார் என்று அதில் எழுதுவோம். வரைந்தவர் என்ற இடத்தில் எப்போதும் என் பெயரின் முதல் எழுத்துகள்தான் இருக்கும். அன்றைக்கு அந்த இடத்தில் அவருடையது இருந்தது. சொந்தக்காரர் என்ற இடத்தில் என் முழுப் பெயர், அம்மா பெயரின் முதல் எழுத்தோடு, அதை யாரிடம் விசாரித்தாரோ. அதற்கு மேலே, கொத்தனாருக்கான குறிப்புகள் எழுதுகிற இடத்தில், இங்கிலீஷில், பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: புதிதாகக் கட்டுகிற, உடைக்கிற இடங்கள் எல்லாவற்றிலும் உள்ளும் வெளியும் வழவழப்பாகப் பூச வேண்டும், ஒரு செங்கல்கூட வெளியே தெரியக் கூடாது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி முழிச்சிண்டு நிக்கறே?" என்றார் சார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு. "எடுத்துண்டு போய் நன்னா டிரேஸ் பண்ணு. அந்த வரியை மட்டும் ஒரு தடவை சரி பாத்துடு. அது எழுதி எனக்குப் பழக்கமில்லே."

தப்பு ஒன்றும் இல்லை. இருந்தாலும் அதைப் படித்து முடிக்க எனக்கு அன்றைக்கு வெகு நேரம் ஆனது.